மூக்குக் குழாய் தகராறு செய்யும்போது: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, என்ன செய்வது

பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவரை ரைல்ஸ் டியூபோடு (மூக்கு வழியே வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய்) வீட்டுக்கு அனுப்பும்போது, எப்படி ஊட்டுவது என்று ஆஸ்பத்திரியில் ஒரு தடவை செய்து காட்டிவிடுவார்கள். குழாய் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அந்த இடத்துக்குத்தான் இந்தக் குறிப்பு. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கும் பொருந்தும். இதில் வரும் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கு. குழந்தைகளின் கணக்கு வேறு.

சிக்கல் வருவதற்கு முன்: இரண்டு எண்களைக் குறித்துவையுங்கள்

சாதாரண பி.வி.சி. ரைல்ஸ் டியூப் 105 செ.மீ. நீளம். நுனியில் சின்னச் சின்ன உலோகக் குண்டுகள், அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் துளைகள், நுனியிலிருந்து 50, 60, 70 செ.மீ. தூரத்தில் கோடுகள். பின்முனைக் கூம்பின் நிறம் குழாயின் பருமனை (பிரெஞ்ச் என்ற அலகில்) சொல்லும்: வெள்ளை 12, பச்சை 14, ஆரஞ்சு 16. கஞ்சி ஊட்டும் பெரியவர்களுக்கு வழக்கமாக இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.

முதல் எண், மூக்குத் துவாரத்தில் நிற்கும் அளவு. குழாய் போடும்போது மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை என்று அளந்துதான் போடுவார்கள். பெரும்பாலானோருக்கு 50 முதல் 60 செ.மீ.க்குள் வரும். இரண்டாவது எண், மூக்கிலிருந்து பின்முனை வரை வெளியே தொங்கும் நீளம். உள்ளே 58 என்றால் வெளியே சுமார் 47. மூக்கை ஒட்டி அழியாத மார்க்கரில் ஒரு கோடு போட்டு, இரண்டு எண்களையும் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். இரவு ஷிஃப்டுக்கு வரும் அட்டெண்டரும், ஊரிலிருந்து வந்து ஒரு வேளை பார்த்துக்கொள்ளும் அத்தையும் அதைப் படித்துவிட்டுத்தான் சிரிஞ்சைத் தொட வேண்டும். வீட்டில் இருக்கும் கருவிகளிலேயே உருப்படியானது இந்தக் கோடுதான்.

ஊட்டும்போது இருமல், திணறல், மூச்சு வாங்குதல், உதடு நீலம்

1. உடனே நிறுத்துங்கள். குழாயை மடித்துப் பிடித்து, சிரிஞ்சைக் கழற்றி, மூடியைப் போடுங்கள். சிரிஞ்சில் மிச்சமிருப்பதை முடித்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது.
2. தலைமாட்டை நன்றாக உயர்த்துங்கள். வாந்தியும் வந்தால் ஒருக்களித்துத் திருப்பி, வாயில் இருப்பதைத் துடைத்து எடுங்கள். சக்‌ஷன் மெஷின் (சளியை உறிஞ்சி எடுப்பது) இருந்தால் வாயையும் தொண்டையையும் சக்‌ஷன் செய்யுங்கள்.
3. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தொண்டையில் குழாய் சுருண்டு கிடக்கிறதா? மூக்கருகே கோடு நகர்ந்திருக்கிறதா?
4. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் அவருக்கு வழக்கமாகக் காட்டும் எண்ணைவிடக் கீழே இறங்கி அங்கேயே நின்றாலோ, மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். இருமல் அடங்கிவிட்டாலும், டாக்டரிடம் பேசாமல் அடுத்த ஊட்டு கிடையாது.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். குழாயின் நுனி மேலே ஏறி உணவுக்குழாயில் நிற்கிறது, அல்லது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. அல்லது குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறது, வயிற்றில் உள்ளது எதுக்களித்துப் புரை ஏறியிருக்கிறது. மூன்றாவதுதான் வீட்டில் அதிகம் நடப்பது. தலைமாடு தாழ்ந்திருப்பதும் வேகமாக ஊற்றுவதும் அதற்குப் போதும்.

பயப்பட வேண்டியது இருமலே வராத புரையேற்றத்துக்கு. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தொண்டையின் உணர்ச்சி மங்கியிருக்கும். கஞ்சி நுரையீரலுக்குள் போனாலும் முகம் மாறாது. தெரிவதெல்லாம் குரல் ஈரமாகக் களகளவென்று மாறுவது, ஊட்டிய பிறகு வியர்ப்பது, மூச்சு வேகமாவது, ஓரிரு நாளில் காய்ச்சல். இதில் எது வந்தாலும் ‘சளி பிடித்திருக்கிறது’ என்று விட்டுவிடாமல், குழாய் வழி ஊட்டுகிறோம் என்பதைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

தலைமாடு 30 முதல் 45 டிகிரி வரை, ஊட்டும்போதும் ஊட்டிய பிறகு ஒரு மணி நேரமும். தலைக்கு மட்டும் இரண்டு தலையணை வைத்தால் கழுத்து மடங்கி வயிறு நசுங்கும். இடுப்பிலிருந்து முதுகு மொத்தமும் சாய்வாக உயர வேண்டும். டயபர் மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, முதுகு தட்டிச் சளி எடுப்பது, சக்‌ஷன் எல்லாவற்றையும் ஊட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்த பிறகு செய்தால் வாந்தியை நீங்களே வரவழைப்பதாக ஆகிவிடும்.

கோடு நகர்ந்திருக்கிறது, அல்லது குழாய் பாதி வெளியே வந்துவிட்டது

உள்ளே தள்ளாதீர்கள். பாதி வந்த குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. தள்ளினால் தொண்டையில் சுருளலாம், மூச்சுக்குழாய்க்குள் நேராகவும் போகலாம். ஊட்டலை நிறுத்திவிட்டு, குழாய் போடத் தெரிந்த நர்ஸையோ ஆஸ்பத்திரியையோ அணுகுங்கள். வாயில் சுருண்டு கிடந்தாலோ பெரும்பகுதி வெளியே தொங்கினாலோ பிளாஸ்டரைப் பிரித்து, குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு முழுவதும் உருவி எடுத்துவிடலாம்.

ஒரு வேளை, இரண்டு வேளை உணவு தவறுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. விதிவிலக்கு சர்க்கரை நோயாளிகள். இன்சுலின் போட்ட பிறகோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை கொடுத்த பிறகோ குழாய் வெளியே வந்துவிட்டால், உணவு உள்ளே போகாமல் மருந்து மட்டும் வேலை செய்யும். மணிக்கொரு முறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே போனால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குத்தான் போகும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், 108க்கு அழையுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, குழாய் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இன்சுலின் ஊசியை எடுக்க வேண்டும்.

நோயாளியே கையால் இழுத்துவிடுகிறார் என்றால் கையைக் கட்டிப்போடுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். மூக்கில் பொருக்குத் தட்டி அரிக்கிறதா, பிளாஸ்டர் இழுக்கிறதா, சிறுநீர் நின்றுபோய் வயிறு வலிக்கிறதா, காய்ச்சலில் பிதற்றுகிறாரா? குழாயைக் கன்னத்தில் இன்னொரு பிளாஸ்டர் போட்டு, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், சட்டைக்குள் விட்டுவிட்டால் கண்ணிலும் படாது, கையிலும் சிக்காது. விரல் மடக்க முடியாத பஞ்சுக் கையுறை கடைசி வழி.

கோடு சரியாக இருக்கிறது, ஆனாலும் இடம் சந்தேகமாக இருக்கிறது

கடுமையாக இருமிய பிறகு, வாந்திக்குப் பிறகு, சக்‌ஷனுக்குப் பிறகு இந்தச் சந்தேகம் வர வேண்டும். வெளியே கோடு அசையாமலே உள்ளே நுனி மேலே புரண்டிருக்கலாம்.

வயிற்று நீரை எடுத்து பி.எச். பட்டையில் (அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) பார்ப்பதுதான் கட்டிலருகே செய்யக்கூடிய நம்பகமான சோதனை. கடைசியாக ஊட்டி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், பால் அமிலத்தை மட்டுப்படுத்திவிடும். 50 மி.லி. சிரிஞ்சில் 10 முதல் 20 மி.லி. காற்றை இழுத்து, குழாய்க்குள் செலுத்துங்கள். குழாயில் தங்கியிருக்கும் பழைய நீரை விலக்குவதற்கு மட்டும்தான் இந்தக் காற்று. பிறகு மெதுவாக இழுத்தால் ஒரு மி.லி. வந்தால்கூடப் போதும். பட்டையில் சொட்டவிட்டு, அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து நிறத்தை ஒப்பிடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் வயிறு. அதற்கு மேல் என்றால் ஊட்டக் கூடாது, எக்ஸ்-ரே பார்க்க வேண்டும்.

ஒன்றுமே வரவில்லையா? இழுக்கும் விசையில் துளை வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 15 முதல் 30 நிமிடம் கழித்து, கொஞ்சம் காற்றைச் செலுத்திவிட்டு மறுபடியும் இழுத்துப் பாருங்கள். பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் குழாய் வயிற்றில் இருந்தாலும் பட்டை 6ஐத் தாண்டலாம். நம் ஊரில் படுக்கையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மாத்திரை எழுதியிருக்கும் என்பதால், இது அடிக்கடி வரும் சங்கடம். மாத்திரை கொடுக்கப்போகும் நேரத்துக்குச் சற்று முன், அதன் வீரியம் குறைந்திருக்கும்போது சோதித்தால் கொஞ்சம் உதவும். அப்போதும் தெளியவில்லை என்றால் எக்ஸ்-ரேதான்.

நீரின் நிறம் துணைக்கு மட்டும். வயிற்று நீர் பச்சையாகவோ, வழுவழுப்பான தெளிந்த நீராகவோ, பழுப்பாகவோ வரும். நுரையீரலிலிருந்து வருவது வெளிறிய சளி. ஆனால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் நேரங்கள் உண்டு.

இன்னும் பல வார்டுகளில் செய்வது, ஸ்டெதஸ்கோப்பை மேல்வயிற்றில் வைத்துக் காற்றைத் தள்ளி ‘புஸ்’ என்ற சத்தம் கேட்பது. இதை நம்பி ஊட்டாதீர்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும், உணவுக்குழாயில் பாதியில் நின்றாலும் அந்தச் சத்தம் வயிறு வரை கடத்தப்பட்டு அப்படியே கேட்கும். இங்கிலாந்தில் நோயாளி பாதுகாப்பு முகமை 2005இலேயே இந்த முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. குழாய் தவறிப்போய் நுரையீரலில் ஊட்டுவதை 2009 முதல் அங்கே ‘ஒருபோதும் நடக்கவே கூடாத தவறு’ பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நீல லிட்மஸ் தாளும் பயன்படாது, லேசான அமிலத்துக்கும் அது சிவந்துவிடும். குழாயின் வெளிமுனையைத் தண்ணீரில் விட்டுக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். வயிற்றுக் காற்றும் குமிழ் விடும். நுரையீரல் சுவரில் முட்டிய நுனி குமிழே விடாமல் ஏமாற்றும்.

எக்ஸ்-ரே எடுத்தால் நர்ஸ் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. குழாய் நடுக்கோட்டில் இறங்குகிறதா? மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் பக்கவாட்டில் திரும்பாமல் நேராகக் கடக்கிறதா? உதரவிதானத்தை நடுவில் தாண்டுகிறதா? நுனி இடது உதரவிதானத்துக்குக் கீழே தெரிகிறதா? நான்குக்கும் ‘ஆம்’ என்று படம் பார்க்கத் தெரிந்தவர் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகுதான் முதல் ஊட்டு. இடம் உறுதியாகாத குழாயில் ‘சும்மா தண்ணீர் விட்டுப் பார்ப்பது’ என்பதும் கூடாது.

குழாய் அடைத்துக்கொண்டது

முதலில் வெளியே பாருங்கள். பிளாஸ்டருக்குக் கீழே மடங்கியிருக்கும், தோளுக்கடியில் நசுங்கியிருக்கும், மூடியின் கழுத்தில் மாத்திரைத் துணுக்கு சிக்கியிருக்கும். இதிலேயே சில அடைப்புகள் தீர்ந்துவிடும்.

உண்மையான அடைப்பு என்றால்:

50 அல்லது 60 மி.லி. சிரிஞ்சை மாட்டி முதலில் இழுங்கள். தள்ளுவது அதற்குப் பிறகு. மேலே நிற்கும் கஞ்சி வெளியே வரட்டும். அடுத்து 20 முதல் 30 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து, முன்னும் பின்னுமாக அசையுங்கள். கை அழுந்துகிற அளவுக்குப் பலம் வேண்டாம். அசையவில்லை என்றால் தண்ணீரைக் குழாயிலேயே விட்டு மூடிவைத்து, 20 நிமிடம் ஊறவிட்டு, திரும்பச் செய்யுங்கள். நடுவில் விரல்களுக்கிடையே குழாயை வெளியிலிருந்து உருட்டி நீவிவிடுவதும் உதவும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் திறக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். ஆஸ்பத்திரிகளில் கணைய என்சைமும் சோடியம் பைகார்பனேட்டும் கலந்து விட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

செய்யக் கூடாதவை: 2 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சால் அழுத்துவது (சிரிஞ்ச் சிறிதாகச் சிறிதாக அழுத்தம் ஏறும், குழாய் வெடிக்கலாம்), கம்பி விட்டுக் குத்துவது, கோலா ஊற்றுவது. கோலாவும் எலுமிச்சைச் சாறும் அமிலம். குழாயில் இருக்கும் பாலை அவை திரியவைத்து அடைப்பைக் கெட்டியாக்கிவிடும்.

ஏன் அடைத்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் புதுக் குழாயும் சீக்கிரமே அடைக்கும். காரணங்களில் முதலாவது, தண்ணீர் விடாமல் விட்டது. ஊட்டுவதற்கு முன் 30 மி.லி., ஊட்டிய பிறகு 30 மி.லி., ஊட்டாத நேரத்திலும் நான்கு முதல் ஆறு மணிக்கு ஒரு தடவை. வயிற்று நீரை இழுத்துப் பார்த்தால் உடனே தண்ணீர் விட வேண்டும். குழாயில் தங்கிய அமிலம் அடுத்து வரும் பாலோடு சேர்ந்து உள்ளேயே தயிராகிவிடும்.

இரண்டாவது, கஞ்சி. எவ்வளவு அரைத்தாலும் மெல்லிய வலைக் கண்ணுள்ள வடிகட்டியில் வடித்தே ஆக வேண்டும். ஆற ஆற இறுகுவது மாவின் குணம், அதனால் ஊட்டும் சூட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள், அடுப்பில் ஓடியதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது மாத்திரை, அடைப்புக்கு மிகப் பெரிய காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக நுணுக்கி, 15 முதல் 30 மி.லி. தண்ணீரில் கரைத்து, தனித்தனியாகக் கொடுத்து, இடையில் குறைந்தது 10 மி.லி. தண்ணீர் விட வேண்டும். எல்லா மாத்திரையையும் ஒரே கிண்ணத்தில் போட்டு இடிப்பதும் கஞ்சியில் கலப்பதும் தவறு. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் இடிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பாண்டோபிரசோலும் மேலுறை போட்ட ஆஸ்பிரினும் இதே கதைதான்: இடித்தால் உறை போய்விடும், உறைத் துணுக்கு குழாயை அடைக்கும். டாக்டரிடம் ‘குழாய் வழி கொடுக்கிறோம், சிரப்பாகவோ தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் உணவோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் ஊட்டலை நிறுத்திவைப்பார்கள். குழாய் போட்ட பிறகு திடீரென வலிப்பு திரும்பினால் இதையும் நினைவில் வையுங்கள்.

சிரிஞ்ச் நுனி பொருந்தவில்லை

அழுத்திப் பொருத்தாதீர்கள். பொருந்தாதது, ‘இது வேறு குழாய்’ என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். ஐ.வி. லைன், டிராக்கியாஸ்டமிக் குழாயின் (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைப்பது) பலூன் வால்வு, மூக்குக் குழாய் மூன்றும் ஒரே தோளருகே தொங்கும் நோயாளிக்குப் பால் இரத்த நாளத்தில் போன விபத்துகள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. அதனால்தான் ஊசி போடும் சிரிஞ்ச் பொருந்தவே முடியாத தனி இணைப்பு ஐ.எஸ்.ஓ. 80369-3 என்ற தரத்தில் வந்தது. என்ஃபிட் என்று விற்பது அதுதான். உங்களிடம் இருப்பது பழைய கூம்பு வகை என்றால் ஒவ்வொரு முறையும் குழாயை விரலால் மூக்கு வரை தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்த பிறகு மாட்டுங்கள். ஊட்டும் சிரிஞ்சை ஊசிமருந்துப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

வாந்தி, வயிறு உப்புசம், முந்தைய உணவு அப்படியே திரும்பி வருகிறது

பிஸ்டனை அழுத்தி இரண்டு நிமிடத்தில் 250 மி.லி.யை உள்ளே அனுப்பினால் எந்த வயிறும் எதிர்க்கும். பிஸ்டனைக் கழற்றிவிட்டு, வெறும் சிரிஞ்சை வயிற்றுக்கு மேல் ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, தானாக இறங்கவிடுங்கள். 200 மி.லி. இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கையின் உயரம்தான் ரெகுலேட்டர். சிரிஞ்ச் காலியாவதற்குள் அடுத்ததை ஊற்றினால் காற்று உள்ளே போகாது. மாற்றும் இடைவெளியில் குழாயை மடித்துப் பிடியுங்கள்.

ஊட்டும் முன் இழுத்துப் பார்க்கையில் நிறைய வந்தால்? பல வார்டுகளில் 200 மி.லி. எல்லை. அதற்கு மேல் வந்தால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். தீவிர சிகிச்சைக்கான 2016 அமெரிக்க வழிகாட்டுதல், வேறு அறிகுறி இல்லாதபோது 500 மி.லி.க்குக் கீழ் இருந்தால் அதற்காக மட்டும் நிறுத்த வேண்டாம் என்கிறது. வீட்டில் எக்ஸ்-ரேயும் டாக்டரும் அருகில் இல்லாததால் 200ஐயே பிடித்துக்கொள்வது நல்லது. எண்ணோடு வயிற்றையும் பாருங்கள்: கல் போல இறுகியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள், காற்று பிரிகிறதா? இழுத்த நீர் சாதாரணமாக இருந்தால் மெதுவாகத் திரும்ப உள்ளேயே விட்டுவிடலாம், உப்புகள் வீணாகாது.

அடர்ந்த பச்சை நீர் நிறைய வந்து, வயிறும் இறுகி, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். காபித் தூள் கரைத்தது போலவோ சிவப்பாகவோ வந்தால், மலம் தார் போலக் கறுத்தால், இரத்தக் கசிவு. இரண்டிலும் ஊட்டலை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி.

பேதி

குழாய் உணவைக் குறை சொல்வதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக், இனிப்புக்காக சார்பிட்டால் சேர்த்த சிரப்புகள், தண்ணீர் கலக்காமல் கொடுத்த பொட்டாசியம் சிரப், மலமிளக்கி: காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு காய்ச்சலோடு நிற்காமல் போனால் மலத்தைச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது சுத்தம். வீட்டில் காய்ச்சிய கஞ்சியை நம் ஊர் வெயிலில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்து ஊட்டாதீர்கள். டப்பாப் பவுடர் கரைத்தால் நான்கு மணி நேரம். குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம், எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வந்ததும் ஊட்டலாம். சிரிஞ்சின் ரப்பர் வளையத்துக்குப் பின்னால் பால் தங்கிப் புளிக்கும். கழுவும்போது பிஸ்டனை முழுதாக உருவிச் சோப்பு போட்டுக் கழுவி, கவிழ்த்து உலர்த்துங்கள்.

மலச்சிக்கல், சிறுநீர் மஞ்சளாக, நாக்கு வறட்சி

தண்ணீர் போதவில்லை. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 30 மி.லி. என்று கணக்குப் போடுங்கள், 60 கிலோ என்றால் 1800 மி.லி. ஆறு வேளை 200 மி.லி. ஊட்டினால் 1200. அதில் தண்ணீர் சுமார் 85 விழுக்காடு, அதாவது 1020. முன்னும் பின்னும் 30 வீதம் ஆறு வேளைக்கு 360. மொத்தம் 1380. இன்னும் 420 மி.லி. பாக்கி, அதை ஒவ்வொரு வேளையும் 70 மி.லி.யாகப் பிரித்துக் கூடுதலாகக் கொடுங்கள். இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொன்ன அளவுதான்.

நேரம் தவறாமல் ஊட்டியும் உடம்பு இளைக்கிறது

தண்ணியான கஞ்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு லிட்டரில் 100 கிராம் மாவு போட்டால் கிடைப்பது சுமார் 350 கலோரி. 60 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு 1500 முதல் 1800 கலோரி வேண்டும். மாவைக் கூட்டினால் கூழாகிக் குழாயில் இறங்காது. இதற்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய கூழை இறக்கி, கொதி அடங்கியதும் ஒரு தேக்கரண்டி முளை மாவைத் தூவிக் கிளறினால் சில நிமிடங்களில் நீர்த்துவிடும். முளையில் இருக்கும் அமைலேஸ் ஸ்டார்ச்சை உடைத்துவிடுகிறது. கொதிக்கும்போதே போட்டால் அந்த என்சைம் வெந்து வீணாகும். நீர்த்த பிறகு இன்னொரு கொதி விட்டு, வடிகட்டி, ஆறவையுங்கள். எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் 45 கலோரி கூடும். பருப்பு, பால், வெந்த முட்டை சேர்ந்தால்தான் புரதம். சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் உணவியலாளரிடம் அளவு வாங்கிக்கொள்ளுங்கள்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு மட்டும் எதிர் எச்சரிக்கை: முதல் நாளே முழு அளவு ஊட்டக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து, குழப்பமும் மூச்சுத் திணறலும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். குறைவாகத் தொடங்கி, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, இரத்தப் பரிசோதனை பார்த்தபடி சில நாட்களில் ஏற்றுவார்கள்.

மூக்கில் புண், பிளாஸ்டர் நிற்கவில்லை, வாய் நாற்றம்

குழாய் மூக்கின் விளிம்பை மேல்நோக்கி இழுத்தபடி ஒட்டியிருந்தால் அங்கே வெளுத்து, பிறகு புண்ணாகும். துவாரத்தின் நடுவில், எதையும் அழுத்தாமல் தொங்க வேண்டும். தினமும் பிளாஸ்டரை மாற்றுங்கள். இன்னொருவர் குழாயைப் பிடித்துக்கொள்ளட்டும். மூக்கைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் காயவிட்டு, கால்சட்டை வடிவத்தில் வெட்டிய பிளாஸ்டரின் அகலப் பகுதியை மூக்குத் தண்டிலும், இரண்டு கால்களை எதிரெதிர்த் திசையில் குழாயைச் சுற்றியும் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தைத் தினம் கொஞ்சம் மாற்றுங்கள்.

வாய் வழி சாப்பிடாதவருக்குப் பல் தேய்க்க வேண்டாம் என்று விட்டுவிடுவது பரவலான பிழை. சாப்பிடாத வாயில் எச்சில் குறைந்து கிருமி பெருகும், அதைப் புரையேற்றினால் நிமோனியா. மென்மையான பிரஷ்ஷால் தினம் இரண்டு தடவை, தண்ணீர் தேங்காமல் ஒருக்களித்து வைத்துத் துலக்குங்கள்.

குழாய் விறைத்துப்போனது, நிறம் மாறியது

பி.வி.சி. குழாய் வயிற்று அமிலத்தில் நாளாக நாளாக இறுகும், பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் மாற்றுவார்கள். பாலியூரிதேன், சிலிக்கான் குழாய்கள் நான்கு முதல் ஆறு வாரம் வரை தாங்கும், விலை கூடுதல். உறையில் போட்டிருக்கும் காலக்கெடுவைப் பாருங்கள். மாற்றும்போது அடுத்த துவாரத்தில் போடச் சொல்லுங்கள். மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் முறிவு, உணவுக்குழாயில் புடைத்த இரத்த நாளம், அமிலம் குடித்த வரலாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எடுக்கும் முறை: 10 முதல் 20 மி.லி. காற்றைச் செலுத்திக் குழாயைக் காலியாக்கி, மடித்துப் பிடித்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, நிற்காமல் சீராக உருவ வேண்டும். மடிக்காமல் எடுத்தால் மிச்சமிருக்கும் பால் தொண்டையைக் கடக்கும்போது மூச்சுக்குழாயில் சொட்டும். வெளியே வந்ததும் நுனி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு முதல் ஆறு வாரம் ஆகியும் விழுங்குவது திரும்பவில்லை என்றால், மூக்கு வழியே தொடர்வதா, வயிற்றில் நேராகப் போடும் பெக் குழாய்க்கு மாறுவதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன் விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளர் (ஸ்பீச் தெரபிஸ்ட்) சோதித்துப் பார்க்க வேண்டும். ‘நேற்று ஒரு வாய் டீ குடித்தார், இருமவில்லை’ என்பது சோதனை ஆகாது.